உருளைக்கு ஒரு நியாயம், சங்கிலிக்கு ஒரு நியாயமா?

காலபோக வெட்டு முடிந்தால் வவுனியாவில் அரிசி ஆலைகளுக்கும் களஞ்சியங்களுக்கும் இரவு பகல் கிடையாது. முன்பு அந்த மூட்டைகள் எல்லாமே நாட்டாமிமாரின் முதுகில் ஏறித்தான் இறங்கின. இன்றும் பல இடங்களில் அப்படித்தான். ஆனால் கொஞ்சம் பெரிய ஆலைகளிலும், சீமெந்து, உரம் அடுக்கும் களஞ்சியங்களிலும் போர்க்லிப்ட் வந்துவிட்டது. இரண்டு இரும்புக் கரங்களை பலட்டுக்கு அடியில் நுழைத்து, இருபது பேர் சுமப்பதை ஒரே தூக்கில் தூக்கி வைக்கிறது. முதுகு தப்பியது என்று நாமும் மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சி நியாயமானதுதான். இயந்திரத்துக்கு எதிராக இதை நாம் எழுதவில்லை. இயந்திரத்தின் தேய்மானத்தைத் தொழிலாளியின் கணக்கில் எழுதுவதற்கு எதிராகத்தான் எழுதுகிறோம்.

தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் இதழில் இது எதற்கு என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் லயங்களை விட்டு ஓடிவந்த எமது குடும்பங்கள் வவுனியாவிலும் வன்னியின் மற்றப் பகுதிகளிலும் காடு வெட்டிக் குடியேறின. காந்தீயம் அமைப்பு அவர்களுக்குக் கை கொடுத்தது. அப்படி வந்தவர்களின் பிள்ளைகளிலும் பேரப்பிள்ளைகளிலும் சொந்த வயல் இல்லாதவர்கள் இன்று ஆலை முற்றத்தில் மூட்டை தூக்குகிறார்கள். மலையிலிருந்து கொழும்புத் தேயிலைக் களஞ்சியங்களுக்கு வேலைக்குப் போன எமது பொடியன்மாரும் இதே இயந்திரத்தின் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். பலகைப் பெட்டிகளில் போன தேயிலை இப்போது கடதாசிச் சாக்குகளில் பலட்டில் ஏறிப் போகிறது. கொழுந்து பறிப்பவரின் தம்பிதான் அந்தப் பலட்டைத் துறைமுகத்துக்கு அனுப்புகிறார்.

ஆக, இது எமது ஆட்களின் உயிர் சம்பந்தப்பட்ட விடயம்.

இயந்திரத்தின் எந்த இடம் முதலில் தேய்கிறது என்பதை ஓட்டுபவர் மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவரும் தெரிந்திருக்க வேண்டும். கரத்தைப் பாருங்கள். அது 'ட' எழுத்தின் வடிவில் மடிந்திருக்கும். அந்த மடிப்பில்தான் பாரம் முழுவதும் வந்து நிற்கிறது. முற்றத்துக் கொங்கிரீட்டில் தினமும் உரசி, மடிப்பின் அடிப்பக்கம் மெல்லியதாகிக்கொண்டே வரும். புதிதில் 40 மில்லிமீற்றர் தடிப்பாக இருந்தது 36 ஆனால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் பத்தில் ஒரு பங்கு தடிப்புப் போனால், ஐந்தில் ஒரு பங்கு பலம் போய்விடும். வளையும் இரும்பின் பலம் தடிப்பைத் தடிப்பால் பெருக்கின கணக்கில் நிற்பதால் இப்படி. அதனால்தான் பத்தில் ஒன்று தேய்ந்த கரத்தைக் கழற்றி எறி என்பது உலகம் முழுவதும் உள்ள விதி.

இதை எமது முற்றத்துக் கணக்கில் போட்டுப் பாருங்கள். 50 கிலோ சீமெந்துப் பை 40 ஐ ஒரு பலட்டில் அடுக்கினால் 2 தொன். இரண்டரைத் தொன் இயந்திரத்துக்கு அது சாதாரணச் சுமை. அதே இயந்திரத்தின் கரம் பத்தில் ஒன்று தேய்ந்துவிட்டால் அதன் பலம் 2 தொன்னுக்கு இறங்கிவிடுகிறது. தகட்டில் இரண்டரை என்று அடித்திருப்பது அப்படியேதான் இருக்கும். அதே 2 தொன்னைத்தான் ஏற்றுகிறோம். முற்றத்தில் ஒரு குழியில் சில்லு விழுந்து எழும்பும் அந்தக் கணத்துக்குப் பிறகு மிச்சம் எதுவும் இல்லை. போர்க்லிப்டுக்கு லொறிக்கு இருப்பதுபோல ஸ்பிரிங் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழியின் அடி முழுவதும் கரத்துக்கும் சங்கிலிக்கும், ஓட்டுபவரின் இடுப்புக்கும்தான் போகிறது.

சங்கிலியின் கதை இன்னும் மோசம், ஏனென்றால் அதன் தேய்மானத்தை மறைக்க முடியும். சங்கிலி நீண்டுவிட்டது என்று சொல்கிறோம். உண்மையில் இரும்பு நீளவில்லை. தகடுகளைக் கோத்திருக்கும் ஊசிகளும் அவை நுழையும் துளைகளும் தேய்ந்து இடைவெளி கூடுகிறது. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு துளி சேர்ந்து, மொத்தத்தில் சங்கிலி தொய்கிறது. நூற்றுக்கு மூன்று பங்கு நீண்டால் மாற்றிவிட வேண்டும். 300 மில்லிமீற்றர் இருக்க வேண்டிய துண்டு 309 ஆகிவிட்டால் அதன் காலம் முடிந்தது. அளக்க வேண்டியது கட்டிவைத்த நுனியில் அல்ல, கப்பியில் ஏறி இறங்கும் பகுதியில். நாளாந்த வேலை நடக்கும் உயரத்தில் எந்தக் கண்ணிகள் கப்பியைச் சுற்றுகின்றனவோ அவைதான் தேய்கின்றன. நுனிக் கண்ணிகள் பத்து வருடமானாலும் புதிதாகவே இருக்கும். தொய்ந்த சங்கிலியைப் பார்த்தவுடன் பல இடங்களில் செய்வது என்ன? நுனியில் இருக்கும் நட்டை முறுக்கி இழுத்துக் கட்டுவது. தொய்வு போய்விடும், தேய்மானம் அப்படியே இருக்கும். பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும். சில இடங்களில் ஒரு பக்கச் சங்கிலியை மட்டும் மாற்றுவார்கள். புதியதும் பழையதும் சேர்ந்து தூக்கும்போது பாரம் இரண்டிலும் சமமாக விழாது. ஆகவே இரண்டையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும்.

வவுனியா ஆலைகளுக்கு என்றே ஒரு தொல்லை உண்டு. அது உமி. உமியில் சிலிக்கா இருக்கிறது. மணலில் இருப்பதும் அதுதான். அந்தத் தூசு சங்கிலியிலும் மாஸ்டின் பேரிங்குகளிலும் பூசிய கிரீசோடு கலந்தால், கிரீஸ் அரைக்கும் பசையாகிவிடும். தேய்மானத்தைத் தடுக்கப் பூசியதே தேய்க்கத் தொடங்கும். பழைய கிரீசைத் துடைத்தெடுக்காமல் மேலே மேலே அப்புவது பராமரிப்பு ஆகாது. ரேடியேட்டரின் இடுக்குகளிலும் உமி அடைந்து என்ஜின் சூடாகும், ஒயில் கொதிக்கும், சிலிண்டரின் சீல்கள் இறுகி வெடிக்கும். பிறகு தூக்கி வைத்த பலட் மெல்ல மெல்ல இறங்கும். பாரத்தைத் தூக்கி நிறுத்தி, தூணில் ஒரு சோக்குக் கோடு போட்டுவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். கோட்டுக்கும் கரத்துக்கும் இடையில் எவ்வளவு வித்தியாசம் வந்திருக்கிறது என்பதைப் பார்க்க மெக்கானிக் தேவையில்லை. ஆனால் ஒயில் கசியும் ஹோசைக் கையால் தடவிப் பார்க்கும் பழக்கம் எமது பொடியன்மாரிடம் இருக்கிறது. தயவுசெய்து விடுங்கள். ஊசித் துளையில் இருந்து அழுத்தத்தோடு வரும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியில் சின்னப் புள்ளிதான் தெரியும். உள்ளே விரல் அழுகிக்கொண்டிருக்கும்.

டயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இடது டயர் தேய்ந்து வலது புதிதாக இருந்தால் இயந்திரம் சாய்ந்து நிற்கும். ஒரு மீற்றர் அகலத்தில் 20 மில்லிமீற்றர் வித்தியாசம் என்றால், மூன்று மீற்றர் உயரத்தில் பலட் 60 மில்லிமீற்றர் விலகி நிற்கிறது. அடுக்கின் உச்சியில் ஒரு மூட்டை சரிய அது போதும்.

இத்தனையும் ஆலை முதலாளிமாருக்குத் தெரியாதா? தெரியும். எப்படித் தெரியும் என்றால், அதே ஆலைக்குள் நெல்லுக்கு உமி நீக்கும் இயந்திரத்தில் இரண்டு ரப்பர் உருளைகள் இருக்கின்றன. அவை விரைவாகத் தேயும். தேய்ந்தால் உமி நீங்காத நெல் கூடும், அரிசி உடையும், கிலோவுக்கு விலை இறங்கும். ஆகவே உருளை தேய்ந்ததும் இயந்திரம் நிறுத்தப்படும். புது உருளை போடப்படும். மேலதிக உருளைகள் எப்போதும் அலுமாரியில் இருக்கும். "போகம் முடியட்டும் பார்ப்போம்" என்று உருளைக்கு எவரும் சொல்வதில்லை. சங்கிலிக்கு மட்டும் சொல்கிறார்கள். உருளையின் தேய்மானம் அரிசியில் தெரிகிறது. சங்கிலியின் தேய்மானம் ஒரு தொழிலாளியின் காலில்தான் தெரியப் போகிறது. அதுவும் ஏதோ ஒரு நாளில்.

சென்ற வருடம் இங்குள்ள ஒரு ஆலையில் அந்த நாள் வந்தது. சங்கிலி தொய்வதாக ஒப்பரேட்டர் மூன்று தடவை சொல்லியிருந்தார். நட்டை முறுக்கினார்கள். மூன்றாம் தடவைக்குப் பிறகு ஒரு பக்கச் சங்கிலி அறுந்து, கரம் சரிந்து, மூட்டைகள் கொட்டின. பக்கத்தில் நின்ற எமது உறுப்பினரின் கால் முறிந்தது. ஆலையின் குறிப்பில் "மூட்டை சரிந்து விழுந்ததால் ஏற்பட்ட காயம்" என்று எழுதினார்கள். சங்கிலி என்ற சொல்லே அதில் இல்லை. மூட்டை ஏன் சரிந்தது என்று கேட்க ஒருவரும் இல்லாவிட்டால், மூட்டையை அடுக்கியவர்மீதுதான் பழி விழும். விழுந்தது. அறுந்த சங்கிலி அடுத்த நாளே பழைய இரும்புக்குப் போய்விட்டது.

முதலாளிமாரின் பதில் எமக்குத் தெரியும். உதிரிப்பாகம் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை. இதில் உண்மை இல்லாமல் இல்லை. இங்கே ஓடுபவற்றில் பெரும்பாலானவை ஜப்பானில் ஓடித் தேய்ந்து, ரீகண்டிஷன் என்ற பெயரில் வந்தவை. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து இரண்டே மாதத்தில் 360 வரை ஏறியபோது சங்கிலி, சீல், பேரிங் எல்லாவற்றின் விலையும் சேர்ந்து ஏறியது. ஒரு சீலுக்காகப் பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பினால் போய்வர இரண்டு நாள். ஆனால் அதே 2022 இல் ரப்பர் உருளையும்தான் விலை ஏறியது. அதை வாங்காமல் விட்டார்களா?

இன்னொரு பதிலும் உண்டு. அதைச் சொல்பவர் முதலாளி மட்டுமல்ல, எமது மெக்கானிக்மாரும் ஒப்பரேட்டர்மாரும் சொல்வார்கள், பெருமையோடு சொல்வார்கள். "இதைவிட மோசமானதை எல்லாம் ஓட்டியிருக்கிறோம்." உண்மைதான். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஓமந்தைக்கு அப்பால் எரிபொருள் இல்லை, பற்றரி இல்லை, சீமெந்து இல்லை, இரும்பு இல்லை. காபரேட்டரில் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய மண் இது. கிடைத்த தகரத்தையும் கம்பியையும் கொண்டு பாகம் செய்தவர்களின் கைத்திறனை நாம் குறைத்துப் பேசமாட்டோம். அவர்கள் இல்லாவிட்டால் அன்று நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் இருந்திருக்காது.

ஆனால் அன்று சமாளித்தது வேறு வழியே இல்லாததால். மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் சைக்கிள் வழியில் நின்றால் தள்ளிக்கொண்டு போகலாம். மூன்று மீற்றர் உயரத்தில் 2 தொன்னோடு நிற்கும் சங்கிலி அறுந்தால் தள்ளிக்கொண்டு போக எதுவும் மிஞ்சாது. தடை போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஏ9 வீதியால் நாளும் சரக்கு லொறி வருகிறது. இன்றும் வெடித்த கரத்துக்கு வெல்டிங் பிடிப்பது கைத்திறன் அல்ல. அந்தக் கரம் சூடாக்கிப் பதப்படுத்திய உருக்கு. வெல்டிங்கின் சூட்டில் அந்தப் பதம் போய்விடும். ஒட்டிய இடம் பளபளவென்று இருக்கும், அதன் ஓரத்தில் மறுபடி வெடிக்கும். பாரம் கூடினால் பின்பக்கத்தில் இரண்டு பேரை ஏற்றி நிறுத்தும் பழக்கமும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். பின்பக்கம் கிளம்புகிறது என்றால் பாரம் கூடிவிட்டது என்று இயந்திரம் சொல்கிறது. எமது ஆட்களின் உடம்பை எடைக்கல்லாக வைத்து அதன் வாயை அடைக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942 இன் 45 ஆம் இலக்கம். பாரம் தூக்கும் சங்கிலியும் சாதனமும் உறுதியானவையாக இருக்க வேண்டும், காலத்துக்குக் காலம் பரிசோதிக்கப்பட வேண்டும் என்ற கொள்கை அதில் உண்டு. ஆனால் அது போர்க்லிப்ட் எமது முற்றங்களுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பு, பாரந்தூக்கியையும் கப்பியையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. இந்தியாவில் 1948 ஆம் ஆண்டுச் சட்டம் தூக்கும் இயந்திரங்களை 12 மாதத்துக்கு ஒரு தடவையாவது முழுமையாகப் பரிசோதிக்கச் சொல்கிறது. பிரித்தானியாவில் 1998 ஆம் ஆண்டு விதிகளும் அப்படியே. அமெரிக்காவில் இன்னும் ஒரு படி மேலே: போர்க்லிப்டை வேலைக்கு எடுக்கும் ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும், இரவு பகலாக ஓடினால் ஒவ்வொரு முறை வேலைக்குப் பின்னும் பார்க்க வேண்டும், பழுது கண்டால் திருத்தும்வரை எடுக்கக்கூடாது. 2022 ஜூனில் சர்வதேச தொழில் அமைப்பு, பாதுகாப்பான வேலைச் சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. சங்கம் அமைக்கும் உரிமைக்கு உள்ள அதே தகுதி அதற்கும் வந்துவிட்டது. இதே 2022 இல் எமது வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டமும் திருத்தப்பட்டு, உச்ச நட்டஈடு ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சமானது. நல்லதுதான். ஆனால் அது முறிந்த பிறகு கிடைப்பது. அதைப் பெறவும் "மூட்டை சரிந்தது" என்ற வரியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இனி, இந்தப் பிரச்சினையின் மையத்துக்கு வருவோம். சங்கிலி தொய்ந்திருப்பது முற்றத்தில் நிற்கும் எல்லோருக்கும் தெரிந்தும் வேலை ஏன் நடக்கிறது? நாட்டாமிக்கு மூட்டைக் கணக்கில் கூலி. இயந்திரம் நின்றால் லொறி நிற்கும், லொறி நின்றால் கூலி நிற்கும். சங்கிலியை மாற்றச் சொல்லும் ஒப்பரேட்டர் முதலாளிக்கு மட்டும் எதிரியாவதில்லை, பத்து நாட்டாமிமாரின் அன்றைய சாப்பாட்டுக்கும் எதிரியாகிறார். "இன்றைக்கு மட்டும் ஓட்டு தம்பி" என்று கெஞ்சுவது முதலாளி அல்ல, கடன்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டிய எமது அண்ணன்தான். தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மழையாலும் கொழுந்து இல்லாததாலும் இறாத்தல் குறைந்தாலும், குறைந்தது எம்மால் அல்ல என்றாலும், விழுவது அரைப் பேர்தான். ஆலை முற்றத்தில் சங்கிலியின் பேரால் விழுவதும் அதே அரைப் பேர்தான்.

ஆகவே பாதுகாப்பு வகுப்பு, மஞ்சள் தொப்பி, சுவரில் ஒட்டும் அறிவித்தல் ஆகியவற்றுக்கு முன்னால் நாம் கேட்பது ஒன்று. தேய்ந்த பாகத்தை மாற்ற இயந்திரம் நிறுத்தப்படும் நேரத்துக்கு, அதை நம்பி வேலை செய்யும் எல்லோருக்கும், முந்தைய நாட்களின் சராசரிப்படி கூலி கொடுக்கப்பட வேண்டும். அது இல்லாமல் எந்த வகுப்பு நடத்தினாலும் பயன் இல்லை. அது இருந்தால் ஒப்பரேட்டர் துணிந்து சாவியைக் கழற்றிக் கொடுப்பார். நாட்டாமிமாரும் அவர் பக்கம் நிற்பார்கள். முதலாளிக்கும் கணக்கு மாறும். வேலை நிற்கும் நாளின் செலவு அவர் தலையில் விழுந்தால், உருளைக்குப் பக்கத்தில் ஒரு சோடிச் சங்கிலியையும் அலுமாரியில் வைத்திருப்பார்.

சும்மா சாக்குச் சொல்லி இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கூலி வாங்குவார்கள் என்று சொல்லப்படுகிறது. இது ஒருவரின் அபிப்பிராயத்தில் நிற்கும் விடயம் அல்ல. 309 மில்லிமீற்றர் என்றால் 309 தான். முதலாளியின் ஆள் ஒருவரும் தொழிலாளரின் ஆள் ஒருவரும் சேர்ந்து அளந்தால் சண்டைக்கு இடமில்லை.

வவுனியா ஆலைகளுக்கும் களஞ்சியங்களுக்கும் சங்கம் அனுப்பவிருக்கும் கடிதத்தில் கூலியைப் பற்றிய அந்தக் கோரிக்கை முதலாவதாக இருக்க வேண்டும். அதோடு ஒவ்வொரு இயந்திரத்திலும் ஒரு கொப்பி தொங்க வேண்டும். காலையில் ஒப்பரேட்டர் பார்த்ததை எழுதி ஒப்பமிட வேண்டும். பழுது என்று எழுதினால் அதற்குக் கீழே முதலாளி தரப்பு என்ன செய்தது என்று எழுதி ஒப்பமிட வேண்டும். மூன்று தடவை சொன்னேன் என்று பிறகு ஆஸ்பத்திரியில் வைத்துச் சொல்வதற்கும், மூன்று ஒப்பங்கள் இருப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. மாற்றிய பழைய பாகம், விபத்துக்குப் பின் அறுந்த பாகம் ஆகியவை விசாரணை முடியும்வரை ஆலையை விட்டுப் போகக்கூடாது. கரத்தில் வெல்டிங் கூடாது. சிந்திய நெல் கூட்டும் பெண்கள், தூக்கிய பலட்டின் கீழ் போக வேண்டிய நிலை இருக்கக்கூடாது. அவர்கள் கூட்டும் நேரத்தில் கரம் தரையில் இருக்க வேண்டும். இதைத் தனியாக எழுதச் சொன்னவர்கள் அந்தப் பெண்கள்தான். அவர்களின் பேச்சு வழக்கமாகக் கூட்டக் குறிப்பில் ஏறுவதில்லை.

கடிதத்தின் பதிலுக்குக் காத்திருக்காமல் உறுப்பினர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அடுத்த வெட்டுத் தொடங்குமுன், இயந்திரம் நிற்கும் ஒரு மதிய நேரத்தில், மேசன்மார் வைத்திருக்கும் சாதாரண இரும்பு நாடாவால் சங்கிலியை அளவுங்கள். கரம் தரையில் இருக்கட்டும், சாவி ஒப்பரேட்டரின் பையில் இருக்கட்டும். கப்பியைச் சுற்றும் பகுதியில் இருபது கண்ணிகளை எண்ணி, ஊசியின் நடுவிலிருந்து ஊசியின் நடுவுக்கு நீளத்தை எழுதுங்கள். பிறகு நுனியில் தேயாத பகுதியில் இருபது கண்ணிகள். இரண்டு எண்ணையும், இயந்திரத்தின் தகட்டில் உள்ள தொன் அளவையும், கரத்தின் மடிப்பில் உள்ள தடிப்பையும் ஒரு துண்டில் எழுதி, திகதியிட்டுக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள்.